சாமுராய் ஊர்வலமும் கழற்றிய செருப்பும்

1

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் சமையல் வேலை பார்க்கும் கடையின் வாசலில் நின்றுகொண்டிருந்தவன், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினேன். சாக்கடையோரமாக ஒதுங்கிக் குனிந்து நின்றேன். அப்படிச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை. எதிரே தெருவில் என் மகள் போய்க்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டாள்.

அதன் பிறகு அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. என்ன சொல்வது, சொன்னால் இன்னும் தூரமாகப் போய்விடுவாளோ என்று பயந்துகொண்டிருந்த அந்த நாட்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. பத்தாவது வரைதான் படிப்பு. எழுதினால் நிதானமாகச் சொல்லலாம் என்று தோன்றியது. ஊரில் இருக்கிறவர்களுக்கு இது உடனே புரியும். இங்கே இருக்கிறவர்களுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.

ஜப்பானின் வடக்கே, கடலுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஊர் இது. முன்பு கோட்டை இருந்த ஊர். இப்போது கோட்டை இல்லை, அகழி மட்டும் இருக்கிறது. சுற்றிலும் நெல் வயல். தஞ்சாவூர்ப் பக்கம் பாபநாசம் தாண்டிக் குடமுருட்டி ஆற்றங்கரையில் பிறந்தவனுக்கு, ரயிலிலிருந்து இந்த வயலை முதலில் பார்த்தபோது நெஞ்சு லேசானது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. வயலில் ஆளே இல்லை. நடவும் எந்திரம், அறுப்பும் எந்திரம். இப்போது நம் பக்கமும் அப்படித்தான் என்கிறார்கள். குனிந்த முதுகு ஒன்றுகூட இல்லாத வயலைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்கு ஏனோ அங்கே யாரோ இருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். இத்தனை வருஷம் ஆகியும் அது போகவில்லை.

2

கடைக்கு அரிசி கொண்டுவந்து போடுகிறவர் மோரி சான். பெயரோடு சேரும் ‘சான்’ மரியாதைக்கு. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மூட்டையை இறக்கிவிட்டு, நான் போடும் இஞ்சி டீயைக் குடித்துவிட்டுத்தான் போவார். அவர் பேசுவதை நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

சாமுராய் என்றால் கத்தியோடு பறந்து பறந்து சண்டை போடுகிறவன் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதைச் சொன்னதும் மோரி சான் சிரித்துவிட்டார்.

“பாதிப் பேர் கணக்கப்பிள்ளைங்க. பறக்கவெல்லாம் அவங்களுக்கு நேரம் ஏது?”

அவர்தான் சொன்னார். முதலில் சாமுராயின் ஆயுதம் குதிரையும் வில்லும். கத்தி இடுப்பில் இருக்கும், ஆனால் கைக்குக் கடைசியாகத்தான் வரும். அப்புறம் ஈட்டி வந்தது, கப்பலில் துப்பாக்கி வந்தது. பிறகு நாடு அடங்கி, இருநூறு வருஷத்துக்கு மேல் பெரிய சண்டையே இல்லை. கத்திக்கு வேலை போனது. வேலை போன பிறகுதான் அதற்கு இவ்வளவு மரியாதை வந்ததாம். நீளக் கத்தி ஒன்று, குட்டைக் கத்தி ஒன்று, இரண்டையும் சேர்த்து இடுப்பில் செருகுகிற உரிமை சாமுராய்க்கு மட்டும். மரியாதை தராத குடியானவனை வெட்டிப்போடவும் உரிமை உண்டு. வெட்டினால் விசாரணை இருக்கும், ஆனால் விசாரிக்கிறவனும் சாமுராய்தான்.

விவசாயிகள் வீட்டிலிருந்த கத்திகளை அதற்கு முன்பே வாங்கிவிட்டார்கள். பெரிய புத்தர் சிலைக்கு ஆணி அடிக்க இரும்பு வேண்டும், கொடுத்தால் புண்ணியம் என்று சொல்லி வாங்கினார்களாம்.

“நம்பிக் குடுத்துட்டாங்களா?” என்று கேட்டேன்.

“குடுக்காம? கேக்கறவன் கையில கத்தி இருக்குல்ல.”

சாமுராயின் தகுதியை அரிசியால்தான் அளந்தார்கள் என்று அவர் சொன்ன அன்று நான் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டேன். ஓர் ஆள் ஒரு வருஷம் சாப்பிடுகிற அரிசி ஓர் அளவு. இத்தனை அளவு வாங்குகிறவன் இன்ன பெரியவன். நம் பக்கத்திலும் அதேதான். எத்தனை வேலி நிலம், வேலிக்கு எத்தனை கலம் காணும் என்றுதான் ஒருவரைப் பற்றிப் பேச்சு தொடங்கும்.

“அந்த அரிசியை விளைய வெச்சவங்க என்ன சாப்பிட்டாங்க?”

“பார்லி, தினை. அரிசி எப்பவாவது.” டம்ளரை வைத்துவிட்டுத் தன் வீட்டுக் கதைக்கு வந்தார். “எங்க வீடும் சாமுராய்தான், தெரியுமா? ஆனா கடைசி வரிசை. சம்பளம் பத்தாம வீட்டுல உக்காந்து குடை ஒட்டுனாங்க. இடுப்புல கத்தி, கையில பசை. பெரிய சாமுராய் தெருவுல வந்துட்டா, மழையா இருந்தாலும் எங்காளு மரச்செருப்பைக் கழட்டிட்டு சேத்துல மண்டி போடணும்.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“கழட்டுன செருப்பை என்ன பண்ணுவாங்க? கையில எடுத்துக்குவாங்களா?”

“அது தெரியலையே. ஏன் கேக்கறீங்க?”

“சும்மாதான்.”

அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

3

என் மகள் கயல் இங்கேயே பிறந்தவள். பதினாலு வயது. நம் பேச்சு புரியும், பேசவும் பேசுவாள். ஆனால் ஜப்பானிய மொழியில் யோசித்துவிட்டுத் தமிழில் இறக்கிவைக்கிற மாதிரி இருக்கும். கோபம் வந்தால் தமிழ் நின்றுவிடும். அப்போது அவள் பேசுவதில் பாதிதான் எனக்குப் பிடிபடும். அவளுக்கும் அது தெரியும்.

பள்ளிக்கூடத்தில் நகினாத்தா கற்றுக்கொள்கிறாள். ஆளைவிட உயரமான கம்பு, நுனியில் வளைந்த கத்தி. பிள்ளைகள் பழகுவதில் கத்திக்குப் பதில் மூங்கில் பட்டை. ஆண்கள் இல்லாத நேரத்தில் வீட்டைக் காப்பாற்றச் சாமுராய் வீட்டுப் பெண்கள் பழகிய ஆயுதமாம். முதல்முறை அதை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது என் மனைவி செல்வி, “ஆட்டுக்குக் கொழை அறுக்கற தொரட்டி மாதிரில்ல இருக்கு” என்றாள். கயல் அன்று சாப்பிடவில்லை.

சரித்திர வகுப்பில் அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். பழைய காலத்தில் உங்கள் குடும்பம் என்னவாக இருந்தது, விசாரித்து வந்து சொல்லுங்கள் என்று. சாப்பிடும்போது கேட்டாள்.

“அப்பா, நாம என்னவா இருந்தோம்?”

நான் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

“சோழ ராஜா படை,” என்றாள் செல்வி. “எழுதிக்க. யானை மேல போனோம்.”

“நிஜமாவா?”

“பின்ன? தஞ்சாவூர்னா சும்மாவா?”

“அப்ப நம்ம வீட்டுல வாள் இருந்துச்சா?”

“தாத்தாகிட்ட கருக்கருவா இருந்துச்சு,” என்றேன் நான். நெல்லறுக்கிற, பல் வைத்த அரிவாள். கயலுக்கு அந்தச் சொல் தெரியாது. அதுவும் ஒரு வாள் என்று எடுத்துக்கொண்டாள்.

அவள் படுக்கப் போன பிறகு செல்வி என் பக்கம் திரும்பினாள். “என்னங்க சொல்லச் சொல்றீங்க? சாணிப்பால் குடிச்ச கதையச் சொல்லவா? இந்த ஊர்ல நம்மள யாருக்குத் தெரியும்? புள்ள நிமிந்து நடந்துட்டுப் போவட்டுமே.”

அவள் சொன்னதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. கயல் நிமிர்ந்துதான் நடக்கிறாள். எனக்குத்தான் அது வராது. விசா புதுப்பிக்கப் போனால், காகிதத்தை வாங்கிக்கொண்டு அந்த அலுவலர் எழுந்து தலை குனிவார், இந்த ஊர் வழக்கம். நான் பதறிப்போய் அவரைவிட அதிகமாகக் குனிவேன். அவர் இன்னும் கொஞ்சம் குனிவார். ஒருமுறை இரண்டு பேர் தலையும் மேசையில் இடிக்கப் பார்த்தது. பின்னால் நின்ற பிலிப்பைன்ஸ்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்பா இறந்தபோது இந்த விசாக் காகிதம்தான் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. போனால் திரும்பி வர விடுவார்களோ என்ற பயத்தில் நான் போகவில்லை. தம்பிதான் கொள்ளி வைத்தான். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அதனாலோ என்னவோ, அவர் போய்விட்டார் என்பது எனக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. ஏதாவது கதவுக்கு வெளியே, உள்ளே வரலாமா என்று கேட்காமல் நிற்கிற மாதிரியே இருக்கிறது.

4

வருஷம் தவறாமல் இந்த ஊரில் சாமுராய் ஊர்வலம் நடக்கும். ஊர்க்காரர்களே வேஷம் போடுவார்கள். கவசம், கொம்பு வைத்த தலைக்கவசம், ஈட்டிக்காரர்கள், குதிரை மேல் ஒரு பிரபு. கயல் வகுப்பில் சொன்ன சோழப்படைக் கதை அவள் ஆசிரியைக்கு ரொம்பப் பிடித்துப்போய், விழாக் குழுவரைக்கும் போய்விட்டது. நகினாத்தா ஏந்திய பெண்கள் வரிசையில் அவளை முன்னால் நிறுத்தினார்கள். குழுவிலிருந்து இரண்டு பேர் கடைக்கு வந்து, நீங்களும் கவசம் அணிந்து வரவேண்டும், போர்வீரர் வீட்டுப் பிள்ளையல்லவா என்று கேட்டார்கள். கடையில் கூட்டம் இருக்கும் என்று சொல்லித் தப்பித்தேன்.

இத்தனை வருஷத்தில் அந்த ஊர்வலத்தை நான் பார்த்ததே இல்லை. அன்று கடை நிறையும், அடுப்படியைவிட்டு வர முடியாது. இந்த முறை கயல் வருகிறாள் என்பதால் முதலாளியே, போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். தோளில் கைத்துண்டோடு வாசலுக்கு வந்தேன்.

முதலில் குரல்தான் வந்தது. முன்னால் வரும் இரண்டு பேர் நீட்டி முழக்கிக்கொண்டு வந்தார்கள். கீழே, கீழே என்று அர்த்தம். அந்தக் காலத்தில் பிரபு தெருவில் போகும்போது குடியானவர்கள் மண்டியிட்டுத் தலையைத் தரையில் வைக்க வேண்டும், அதற்கான கூவல். இப்போது யாரும் கீழே போவதில்லை. எல்லாரும் செல்போனை மேலே தூக்குகிறார்கள்.

எங்கள் ஊரில் எங்கள் தெருவுக்கும் கடைத்தெருவுக்கும் நடுவில், பண்ணையார் வீடு உள்ள பண்ணைத் தெரு இருந்தது. அந்தத் தெருமுனை வந்ததும் அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். தோள் துண்டு இடுப்புக்கு வந்துவிடும். பின்னால் போகும் நானும் அப்படியே செய்வேன். நான் சொல்வது கட்டாயமெல்லாம் போன பிறகு. அடிக்கிற காலம் முடிந்து, சட்டம் வந்து, அப்பா பெயரில் மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலம்கூடப் பட்டா ஆகியிருந்தது. பண்ணை வீட்டுப் பிள்ளைகள் சென்னைக்குப் போய்விட்டார்கள். பாதி வீடு பூட்டிக்கிடந்தது.

“பூட்டுன வீட்டுக்குமாப்பா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“உள்ள யாரு இருக்கா இல்லேன்னு நமக்கு எதுக்கு? நீ வா.”

அந்தத் தெருவை விட்டு நான் எப்போதோ வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊர்வலத்தின் கூவல் நெருங்க நெருங்க, என் கை துண்டைத் தேடிப் போயிற்று. கால் செருப்பை விட்டது. பயம் இல்லை. யோசனையும் இல்லை. பக்கத்தில் யாரோ அதையே செய்கிறார், நானும் செய்கிறேன், அவ்வளவுதான். யாரென்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

தலையைத் தூக்கியபோது கயல் என் முன்னால் இருந்தாள். நெற்றியில் வெள்ளைப் பட்டை, கையில் அந்த நீளக் கம்பு. என் கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள். ஒரு அடி தவறி, பின்னால் வந்த பெண் அவள் மேல் மோதினாள். பிறகு நேராகப் பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

ஈட்டிக்காரர்களில் ஒருவராக வந்த மோரி சான் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் கைதட்டினார். நன்றாக நடிக்கிறேனாம்.

5

“உங்களுக்கு என்ன பைத்தியமா புடிச்சிருக்கு?” என்றாள் செல்வி, கேள்விப்பட்டதும். அப்புறம் அவளே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அவள் தாத்தாவும் அதே மாதிரி ஒரு தெருவைத் தாண்டித்தான் கடைக்குப் போனவர்.

கயல் பள்ளிக்கூடம் போனாள், வந்தாள். கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில். நான் இருக்கும் அறைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள். இவ்வளவு கேவலமான ஒருவன் தன் அப்பா என்று வெட்கப்படுகிறாள் என்றுதான் நான் முடிவு செய்திருந்தேன். அவள் வயதில் எனக்கும் அப்பா மேல் அந்த வெட்கம் இருந்தது.

எனக்கு விடுமுறையான ஒரு சாயங்காலம், அவளாக வந்து அடுப்படி வாசலில் நின்றாள்.

“அது என்ன?”

எது என்று நான் கேட்கவில்லை. பூண்டு உரித்துக்கொண்டே சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது. பண்ணையில் ஆள் என்றால் என்ன என்று சொன்னேன். விடிவதற்கு முன்னால் வயலில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அடி. திருக்கை மீனின் வாலைக் காயவைத்துச் செய்த சவுக்கு. அடித்த பிறகு சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவார்கள், அதற்குப் பெயர் சாணிப்பால். பண்ணை வீட்டுச் சுவரில் மராட்டிய ராஜா காலத்து வாள் இரண்டு குறுக்காக மாட்டியிருக்கும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பார்கள். அதை எடுத்து யாரையும் வெட்டியதாக நான் கேள்விப்படவில்லை. அதற்கு அவசியமே வரவில்லை.

“தாத்தாவ அடிச்சாங்களா?”

“அவரோட அப்பாவ. தாத்தா சின்னப் புள்ளையா பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தாராம்.”

“எதுக்கு?”

“லேட்டா வந்தாருன்னு. அவரு சம்சாரத்துக்கு அன்னிக்குப் பிரசவம்.”

“அப்ப சோழப்படை?”

“இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. இதுதான் தெரியும்.”

இப்போது போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் நகரவில்லை. பேசத் தொடங்கியபோது, ஒவ்வொரு தமிழ்ச் சொல்லாகத் தேடித் தேடி எடுத்தாள். ஜப்பானிய மொழிக்கு அவள் போகவில்லை.

“நான்தான அப்ப முன்னாடி வந்தேன். கம்பு எங்கிட்டதான இருந்துச்சு. நீங்க எனக்குத்தான் குனிஞ்சீங்களா?”

அப்போதுதான் புரிந்தது. அத்தனை நாளும் அவள் என்னை நினைத்து வெட்கப்படவில்லை. அந்த ஊர்வலத்தில் தான் எந்தப் பக்கம் நடந்தோம் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“உனக்கு இல்லம்மா” என்றேன். அது உண்மையா என்று எனக்கே தெரியாது. கூவிக்கொண்டு வந்தவர்களுக்குப் பின்னால் வந்தவள் அவள்தான்.

“நான் நகினாத்தா கிளப்ப விட்டுடறேன்.”

“விடாத.”

“ஏன்?”

“கம்பு என்ன பண்ணுச்சு?” அடுத்த பூண்டை எடுத்தேன். “நம்ம ஆளுங்க கையில ஒரு நாளும் இருந்ததில்ல. உங்கிட்ட இருக்கட்டும்.”

“நீங்க ஒரு நாள்கூட வந்து பாத்ததில்ல.”

“அங்க எல்லாரும் படிச்சவங்களா இருப்பாங்க. நான் வந்து என்ன…”

“பாத்தீங்களா? இதுதான்.” கதவு நிலையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். “வந்து உக்காருங்கப்பா. ஓரமா நிக்கக் கூடாது. உக்காரணும்.”

உள்ளேயிருந்து செல்வியின் குரல் வந்தது. “அப்பாவும் மவளும் பஞ்சாயத்த முடிச்சிட்டா ஒரு தம்ளர் காப்பி கெடைக்குமா?” முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

6

நகினாத்தா போட்டி நடந்தது அவள் பள்ளிக்கூடத்து மண்டபத்தில். சுவரை ஒட்டி நீள பெஞ்சுகள். தாய் தகப்பன்மார் உட்கார்ந்திருந்தார்கள். நான் கடைசி பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தேன். எழுந்துபோக வசதியாக இருக்கும் என்றுதான் அந்த இடத்தைப் பார்த்தேன். செல்விக்கு வேலை, வர முடியவில்லை.

சண்டைக்கு முன்னால் இரண்டு பெண்களும் எதிரெதிரே நின்று குனிந்தார்கள். யார் முதலில் குனிகிறார்கள் என்று நான் கவனித்துப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. யார் அதிகம் குனிந்தார்கள் என்று பார்த்தேன். அதுவும் தெரியவில்லை. சாமுராய்களுக்குள்ளேயே சேற்றில் மண்டியிட்டவன் இருந்தான் என்று மோரி சான் சொன்னாரே, அவர்கள் விட்டுப்போன ஆயுதத்தை வைத்துக்கொண்டு இந்தப் பிள்ளைகள் எப்படி இப்படிக் குனியக் கற்றார்கள் என்று தெரியவில்லை. கற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

கயல் தோற்றுவிட்டாள். முழங்காலுக்குக் கீழே ஒன்று, தலையில் ஒன்று வாங்கினாள். எதிராளியும் அவளும் மறுபடி குனிந்து விலகினார்கள். முகமூடியைக் கழற்றி, வியர்த்த முகத்தோடு பெஞ்சுகளைத் தேடினாள். என்னைக் கண்டதும் கம்பைப் பக்கத்தில் நிறுத்திப் பிடித்து, நேராக நின்று, எனக்குத் தலை குனிந்தாள்.

என் கால் எழுந்திருக்கப் பார்த்தது. ஒருவர் நமக்குக் குனியும்போது உட்கார்ந்திருக்க எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எழுந்திருக்கவில்லை. அவள் நிமிரும்வரை உட்கார்ந்தே இருந்தேன்.

எனக்குப் பின்னால், வாசலை ஒட்டி, உள்ளே வராமல் யாரோ நிற்பது தெரிந்தது. கையில் எதையோ பிடித்துக்கொண்டு நிற்கிற நிற்பு. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, என் பக்கத்தில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டேன்.

“உக்காருங்கப்பா” என்றேன், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில்.